வான்தொட்டிலின் கடைசிச் சுற்றைக் குறித்து ஆழிமாதேவியார் விடுத்த ஓலை

அலைகள் வந்து அடிதொழும் முந்நீர்க்கரை நாட்டை வெண்டுறை மாநகரின் சங்காசனத்தில் வீற்றிருந்து ஆளும் ஆழிமாதேவியார், தம் அமைச்சரும் உவகைவனத்து அதிகாரியுமாகிய மதிசூடி விழுப்பரையருக்கு விடுக்கும் ஓலை. உமக்கும் உம் இல்லத்தார்க்கும், உம் பொறுப்பிலுள்ள சோலைக்கும் மயில்களுக்கும் தொட்டில் இழுக்கும் யானைகளுக்கும் நலம் உண்டாகுக. உம் வாயிலில் வரிசையில் நிற்போர்க்கும் நலம் உண்டாகுக என்று எழுதத்தான் நினைத்தோம். வெறும் வாழ்த்தால் அது நடக்கப்போவதில்லை என்பதால் விட்டுவிட்டோம்.

சென்ற திருநாளில் உவகைவனம் கண்ட கோலாகலத்தை விரித்து நீர் அனுப்பிய ஓலை வந்து சேர்ந்தது. சறுக்குமரத்தில் எத்தனை பேர் சறுக்கினர், நீர்மாளிகையில் எத்தனை பேர் நனைந்தனர் என்றெல்லாம் அழகாக எழுதியிருந்தீர். காத்திருத்தல் என்னும் துன்பத்தை இந்நாட்டிலிருந்தே ஒழித்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர். அந்த வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டோம். ஒழிக்கவில்லை, விழுப்பரையரே. ஒருவர் தலையிலிருந்த சுமையை இறக்கி மற்றொருவர் தலையில் ஏற்றியிருக்கிறீர், அவ்வளவே. அது யார் தலையில் விழுந்தது என்பதை உமக்கு அறிவிக்கவே இவ்வோலை எழுதுவிக்கிறோம்.

வான்தொட்டில் எதற்காக எழுந்தது என்பதை நீர் அறியாதவரல்லர். ஆயினும் மறந்தவர்க்குச் சொல்வதுபோல் சொல்கிறோம். கடலுக்குள் இருக்கும் கருந்திட்டுக் கோட்டையில் பகைநாட்டுப் பிணையர் காவலில் உள்ளனர். ஆகவே அங்கே ஓலை போகாது, ஆள் போகக்கூடாது. அரிசிப் படகு ஒன்றே போகும், அதன் படகோட்டிகளும் வாய்திறப்பதில்லை என்று சத்தியம் செய்தவர்கள். அங்கே காவலுக்குப் போகும் வீரன் தவணை முடியும்வரை வீட்டாரைப் பற்றி ஒரு சொல்லும் கேளான். இது கொடுமை என்று கண்ட எம் பாட்டனார், கரையோரக் குன்றின்மேல் அந்தப் பெருஞ்சக்கரத்தை நாட்டி, அதில் தொட்டில்களைக் கட்டினார். ஆண்டுக்கு ஒரு நாள், தாம் பிறந்த விண்மீன் வரும் திருநாளில், வீரர்கள் கோட்டை மதில்மேல் நிற்கவும், அவர்தம் வீட்டார் தொட்டிலில் ஏறி உச்சியிலிருந்து துணி விரித்துக் காட்டவும் ஆணையிட்டார். புறப்படும்போது ஒரே துணியை இரண்டாகக் கிழித்து, பாதியை அவன் கொண்டுபோவான், பாதி வீட்டில் இருக்கும். துணி தெரிந்தால் வீட்டில் உயிர் இருக்கிறது என்று பொருள். துணியின் ஓரத்தில் சிறு துண்டு ஒன்று முடிந்திருந்தால் குழந்தை பிறந்திருக்கிறது என்று பொருள். ஓர் ஆண்டு துணி தெரியாவிட்டால் நோயோ மழையோ என்று மனத்தைத் தேற்றிக்கொள்வார்கள். மறு ஆண்டும் தெரியாவிட்டால், பொழுது சாய்ந்து கோட்டைச் சங்கு ஊதியதும், கையில் விளக்கோடு படித்துறைக்கு இறங்கித் தலைமுழுகிவிடுவார்கள். அதன்பின் அவர்களுக்கு வீடு இல்லை.

அந்தச் சக்கரத்தைச் சுற்றித்தான் உம் சறுக்குமரமும் நீர்மாளிகையும் பொம்மைக்கூத்தும் முளைத்தன. மக்கள் மகிழ்வதில் நமக்கு வருத்தமில்லை. நாமும் இளமையில் அங்கே சறுக்கி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டவர்தாம்.

இனி வேம்பியின் கதையைக் கேளும். அவள் தெற்கு உப்பளத்தில் உப்பு வாருகிறவள். கணவன் நாகன் கருந்திட்டுக்குப் போனபோது அவள் வயிற்றில் பிள்ளை இருந்தது அவனுக்கும் தெரியாது, அவளுக்கே தெரியாது. சென்ற ஆண்டுத் திருநாளில் அவள் பேறுகாலப் படுக்கையில் கிடந்தாள். அவளுக்காகத் துணியை எடுத்துக்கொண்டு வர ஒரு நாதியும் இல்லை. ஆக, மதில்மேல் நின்ற நாகன் சென்ற ஆண்டு வெறும் வானத்தைப் பார்த்துவிட்டு இறங்கினான். இந்த ஆண்டும் தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் உப்பில் வெடித்த கால்களோடு, பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் நடந்தே வந்தாள். மஞ்சளும் கருப்புமாகக் கட்டம் போட்ட பாதித் துணி தோளில் கிடந்தது. அதன் ஓரத்தில் பிள்ளையின் பழைய சட்டையிலிருந்து கிழித்த துண்டை முடிந்திருந்தாள். பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. அப்பன் வந்து வைக்கட்டும் என்று விட்டுவைத்திருந்தாள்.

காவலர் வீட்டார்க்குக் காத்திருப்பு இல்லை, கட்டணமும் இல்லை, நேரே ஏறலாம் என்பது எம் பாட்டனார் வைத்த முறை. அதை நீர் நீக்கவில்லை என்பதைப் பெருமையோடு எழுதியிருந்தீர். உண்மைதான், நீக்கவில்லை. அவர்களுக்கு மண்வில்லை ஒன்று கொடுத்தீர். அந்த மண்வில்லையை வாங்க ஒரு கொட்டகை போட்டீர். கொட்டகைக்கு முன்னே ஒரு வரிசை வைத்தீர். காலையில் வந்த வேம்பி அந்த வரிசையைப் பார்த்துவிட்டு, கொட்டகைக்காரனிடம் கேட்டிருக்கிறாள். அவள் சொல்லை அவள் சொன்னபடியே எழுதுமாறு எழுத்தருக்குக் கட்டளையிட்டிருக்கிறோம். “ஏஞ்சாமி, வரிசையில நிக்காம போறதுக்கே ஒரு வரிசையா?” என்றாளாம். அவன் சிரித்துவிட்டு, “மேலிடத்து உத்தரவும்மா, நில்லு” என்றானாம். அந்த மேலிடம் நீர்.

நின்றாள், வில்லையும் வாங்கினாள். நடுப்பகல் முரசுக்குப் பின் வா என்று அதில் கீறியிருந்தது. மரநிழலில் உட்கார்ந்து பிள்ளைக்குப் பாலூட்டி, முரசு கேட்டதும் ஓட்டமும் நடையுமாக வான்தொட்டிலடிக்குப் போனாள். அங்கே பொன்வில்லைக்காரர்கள் நின்றார்கள். பொன்வில்லை வாங்கினால் நிற்கவே வேண்டாம் என்று நீர் பறையறைவித்ததை நம்பி ஊரே வாங்கியிருந்தபடியால், அந்த வரிசை மயில்கூண்டு வரை வளைந்து கிடந்தது. காசு கொடுத்தும் நிற்கிறோமே என்று அவர்கள் ஒருபுறம் புலம்பினார்கள். அவர்கள் புலம்பலைத் தீர்க்க நீர் கண்ட வழியைத்தான் என்னவென்று சொல்வது! பொன்னை முந்த மாணிக்கவில்லை விற்றீர். நாளை மாணிக்கம் பெருகிவிட்டால் என்ன விற்பீரோ, அறியோம்.

பொன் ஒருவர் நிற்கும்வரை மண் நகரக் கூடாது என்பது வாயிற்காவலன் சிலம்பனுக்கு நீர் இட்ட கட்டளை. மண்வில்லைக்காரரும் வில்லையே இல்லாத பொதுமக்களும் ஒரே வரிசையில் நின்றார்கள். வெயில் ஏறி இறங்கியது. வேம்பி தோள்துணியைப் பிள்ளைக்குக் குடையாகப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்போது அங்கே ஒன்று நடந்தது. உம் ஓலையில் அது இல்லை. பொது வரிசையில் அவளுக்கு முன்னே நின்ற வளையல்காரன் ஒருவன், அந்தத் துணியையும் அதில் முடிந்த சிறு துண்டையும் பார்த்துவிட்டான். ஒன்றும் கேட்கவில்லை. “நீ முன்னால போ தாயி” என்று விலகினான். அவனுக்கு முன்னே நின்றவர் ஏன் என்று திரும்பிப் பார்த்து, துணியைக் கண்டு, தாமும் விலகினார். காலையிலிருந்து பிள்ளைகுட்டிகளோடு நின்று கால் வலித்தவர்கள், ஒருவர் பின் ஒருவராக வழிவிட்டு, அவளைக் கைமாற்றிக் கைமாற்றி வாயிலின் முகப்புவரை கொண்டுவந்து சேர்த்தார்கள். கொட்டகை இல்லாமல், வில்லை இல்லாமல், முரசு இல்லாமல் அந்த மக்கள் ஒரு முறையை நடத்திக் காட்டினார்கள். பொன் வரிசையும் அதற்குள் தீர்ந்திருந்தது. வெளிச்சம் இருக்கும்போது சுற்றக்கூடிய கடைசிச் சுற்றுக்கு, வேம்பிதான் முதலாவதாக நின்றாள்.

மாணிக்கவில்லைக்காரர் வருகிறார் என்னும் மணி ஒலித்தது.

உம் மகள் இளநகை தோழியரோடு வந்திருந்தாள். பகலில் முன்னமே ஏறியிருந்தும், செவ்வானம் பார்க்க மறுபடி ஏற விரும்பினாளாம். அந்தப் பெண்மேல் நாம் குற்றம் சொல்லவில்லை. வழி திறந்திருந்தது, நடந்தாள். வரிசையில் வாடி நிற்போரைக் கண்டு மாணிக்கவில்லைக்காரரின் மனம் சங்கடப்படக் கூடாதென்று, அவர்கள் வழி நெடுக நீர் மூங்கில் தட்டி அடைத்து, நாகசுரமும் வாசிக்க வைத்திருந்தீர் அல்லவா? தட்டிக்கு இப்புறம் வேம்பி சிலம்பனிடம் கெஞ்சினாள். “என் ஆளு மதிலுமேல நிக்கிறாருங்க. ஒரே ஒரு சுத்து. துணிய விரிச்சுக் காட்டிட்டு இறங்கிடுறேன்” என்றாள். அவன், “மாணிக்கம் நிக்கக் கூடாதும்மா, எஞ்சோறு போயிடும்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். உடனே அவள் தட்டியின் இடுக்கு வழியாகத் துணியை நுழைத்து, “தாயே, இதையாவது மேல கொண்டுபோய் விரிச்சுடுங்க” என்று கூவினாள். உம் மகள் நல்ல பெண், கேட்டிருந்தால் வாங்கியிருப்பாள். நாகசுரம் கேட்கவிடவில்லை.

அடுத்த சுற்றில் வேம்பியை ஏற்றினார்கள். தொட்டில் பாதி உயரம் எழும்போதே கோட்டைச் சங்கு ஊதிவிட்டது. உச்சியில் அவள் துணியை விரித்தாள். பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். கணவன் பெயரைச் சொல்லி அழைத்தாள். இருட்டில் துணிக்கு ஏது நிறம்? மதில் வெறிச்சோடிக் கிடந்தது. கோட்டைப் படித்துறையில் மட்டும் ஒற்றை விளக்கு ஒன்று மெல்ல மெல்ல இறங்கிப் போனதை அவள் பார்த்தாள். அது யார் கை விளக்கு என்று அவளுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

முடிக்கு மட்டும் ஓலை விடுக்கும் உரிமையுள்ள கருந்திட்டுக் கோட்டைத் தலைவர் நமக்கு எழுதியது இது. நாகன் தலைமுழுகினான். மறுநாள் கோட்டைக் கொற்றவையின் முன் தன் வேல் ஒன்றை ஊன்றி, திரும்பிப் போக வீடில்லாத தனக்கு இக்கோட்டையே வீடு என்று சொல்லி, ஆயுட்காவல் சத்தியம் செய்துவிட்டான்.

வேம்பி நம் அரண்மனை வாயிலுக்கு வந்தாள். அங்கும் ஒரு வரிசை இருந்தது, நின்றாள். உம்மைத் தண்டிக்கச் சொல்லவில்லை, சிலம்பனைத் தண்டிக்கச் சொல்லவில்லை. “நான் செத்துட்டேன்னு நெனச்சுக்கிட்டிருக்காருங்க. இல்லைன்னு யாராச்சும் போய்ச் சொல்லணும்” என்றாள். சொல்லலாம், சொல்லியும் என்ன? ஆயுட்காவல் சத்தியத்தை அவிழ்க்க முடிகொண்டவர்க்கும் உரிமை இல்லை. நாம் மூன்று நாள் சட்டச் சுவடிகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டோம். ஒரு வழிதான் இருக்கிறது. சத்தியம் செய்தவன் ஊன்றிய வேலை வேறொருவன் தன் கையில் வாங்கிக்கொண்டால், முன்னவன் வீடு திரும்பலாம், பின்னவன் அங்கே நிற்க வேண்டும்.

ஆகவே நம் ஆணையாவது: மாணிக்கவில்லையும் பொன்வில்லையும் இன்றோடு ஒழிக. மூங்கில் தட்டியைப் பிடுங்கி யானைக் கொட்டிலுக்கு அடுப்பெரிக்கக் கொடுக்க. திருநாளன்று காவலர் வீட்டார் அன்றி ஒருவரும், நம் குலத்தாரே ஆயினும், வான்தொட்டிலில் கால் வைக்கலாகாது. வளையல்காரனும் அவனோடு விலகி நின்றவர்களும் யார் எவர் என்று தேட வேண்டாம். பரிசு கொடுத்து அவர்கள் செய்ததைச் சிறுமைப்படுத்த நாம் விரும்பவில்லை.

மதிசூடி விழுப்பரையராகிய நீர், இவ்வோலையைக் கையிலேந்தி அரிசிப் படகில் கருந்திட்டுக்குச் செல்க. நாகனைக் கண்டு, அவன் மனைவி உயிரோடிருக்கிறாள் என்பதையும், பெயரில்லாத மகள் ஒருத்தி அவனுக்காகக் காத்திருக்கிறாள் என்பதையும் உம் வாயாலேயே சொல்க. சொன்னபின், அவன் ஊன்றிய வேலை உம் கையில் வாங்கிக்கொள்க.

அடுத்த திருநாளில், காவலர் வீட்டார் என்னும் முறையில், உம் மகள் இளநகை வான்தொட்டிலில் ஏறுவாள். நீர் புறப்படுமுன் அவளும் நீரும் ஒரு நல்ல துணியாகப் பார்த்து இரண்டாகக் கிழித்துக்கொள்ளுங்கள். வெளிர்நிறம் வேண்டாம், தொலைவில் தெரியாது.

வலம்புரிச் சங்கு முத்திரை பதித்து, நம் கைவிரல் சாத்தி, வெண்டுறை மாளிகையிலிருந்து விடுத்தோம். இவ்வோலையை மறுத்துப் பேச எவர்க்கும் உரிமையில்லை. படகு ஆயத்தமாக நிற்கிறது. துறையில் உமக்கு முன்னே வரிசை ஏதும் இல்லை, நேரே ஏறலாம்.