பிறந்த வீட்டுக் கோடி

மணிமங்கலம்
4.12.2024

மருமகன் நிலவனுக்கு உன் தாய்மாமன் காசிராஜன் எழுதுவது.

நலம், நலமறிய ஆவல் என்று எழுத மாட்டேன். நான் நலமாக இல்லை. நீ எப்படி இருந்தாலும் எனக்கு ஆவலும் இல்லை. துக்கக் கடிதம் என்பதால் பிள்ளையார் சுழி போடவில்லை. முறை தெரிந்தவன் நான், கவனித்துக்கொள்.

போனில் திட்டினால் நீ நடுவில் வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. ஷேர் ஆட்டோ பாபுவிடம் கொடுத்து, "அவன் கையில குட்த்துட்டு, படிச்சி முடிக்கிற வரிக்கும் நின்னு பாத்துட்டு வா" என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அம்மா முனியம்மாள் எனக்கு ஒரே அக்கா. ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலை வரவேண்டும். அதைப் போர்த்திய பிறகுதான் பாடையில் கை வைக்க வேண்டும். பிறந்த வீடு என்றால் யார்? அப்பன் இல்லை, ஆயி இல்லை, நான் ஒருத்தன்தான். நான் சேலையோடு வந்து இறங்குகிறேன், உன் வாசலில் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள்! "அக்கா எங்கடா?" என்றால் பக்கத்து வீட்டுக்காரன், "சாம்பலே ஆறியிருக்கும் நைனா, இப்ப வர்ரியே" என்கிறான். நூறு பேர் பார்த்தார்கள். ஆயிரம் பேர் என்றும் சொல்லலாம்.

ஏன் தாமதம் என்றால், காஞ்சிபுரம் போயிருந்தேன். படப்பையில் துணிக்கடை இல்லையா என்று கேட்காதே. ஏதோ ஒரு நூல் சேலையைச் சுற்றி அனுப்ப என் அக்கா என்ன நாதியற்றவளா? அரக்குப் பட்டு, மாங்காய் பார்டர். கடை முதலாளியே எழுந்து நின்று, "சார், இதெல்லாம் ராஜா வீட்டுக்குப் போற சேலை" என்றார். திரும்பி வரும்போது ஒரகடத்துக்கு முன்னால் கண்டெய்னர் லாரி ரோட்டை அடைத்து நின்றுவிட்டது. நானே இறங்கிப் போலீஸை அதட்டி வண்டிகளை விலக்கினேன். எனக்குப் பின்னால் ஒரு மந்திரியின் கார். அந்த மந்திரியே பொறுமையாக உட்கார்ந்திருந்தார். உனக்குப் பொறுமை இல்லை.

உன் பெண்டாட்டி ஷாரோன் சர்ச்சுக்குப் போகிற குடும்பத்துப் பெண், அதற்கு நம் முறை தெரியாது. உன் கல்யாணத்துக்கு வந்தும் பந்தியில் உட்காராமல் போனேனே, ஏன்? இப்படி ஆகும் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும். உனக்குத் தெரிய வேண்டாமா? கருமாதிக்கு என்னை எதிர்பார்க்காதே.

இப்படிக்கு,
சேலையும் கையுமாக நிற்கும் மாமன்,
மு. காசிராஜன்

—

ஒரகடம்
5.12.2024

அன்புள்ள மாமாவுக்கு நிலவன் வணக்கம்.

பாபு அண்ணன் நிஜமாகவே நின்று பார்க்கிறார். டீ கொடுத்து உட்கார வைத்திருக்கிறேன்.

உங்களுக்காகக் காத்திருக்க முடியாமல் போனது எனக்கும் ஆறவில்லை. ஆனால் அன்றைய மழை உங்களுக்கும் தெரியும். கரண்ட் போய் ஐஸ் பெட்டி நின்றுவிட்டது. சுடுகாட்டுப் பாதையில் ஏரித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஊர்ப் பெரியவர் நம்பிராஜன், "இப்ப தூக்கலன்னா நாளிக்கும் தூக்க முடியாது தம்பி" என்றார். அப்போதும் உங்களுக்குப் போன் செய்தேன். "வந்துகினே கீறேன், படப்பை தாண்டிட்டேன்" என்றீர்கள். பின்னாலேயே, "ஜரிகை ஒரிஜினல்தானே?" என்று யாரையோ கேட்டது என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகுதான் தூக்கச் சொன்னேன்.

கருமாதிக்கு நீங்கள் அவசியம் வரவேண்டும். அன்றைக்கு எனக்குத் தலைப்பா கட்டவும் ஷாரோனுக்குச் சேலை வைக்கவும் அவள் பிறந்த வீட்டு ஆள் வேண்டுமாம். அவள் அப்பா ஜீவானந்தம் எங்கள் கல்யாணத்தோடு பேச்சை விட்டவர். சாவுக்கும் வரவில்லை. "அந்தப் பொண்ணு சபையில வெறுங்கையோட நிக்கப் போவுதா?" என்று தெருவில் இப்போதே பேச்சு. அவளுக்குக் கம்பெனியில் மாமியார் சாவுக்கு லீவு இல்லை என்றுவிட்டார்கள். ஷிப்ட் முடித்து வந்து வீட்டு வேலையும் அவளே பார்க்கிறாள்.

நீங்கள் வந்து பக்கத்தில் நின்றால் எனக்குத் தெம்பாக இருக்கும்.

உங்கள் அன்பு மருமகன்,
நிலவன்

—

மணிமங்கலம்
8.12.2024

நிலவா,

ஏரித் தண்ணீராம், கரண்டாம்! உலகத்தில் எந்தத் தேசத்திலும் இல்லாத அவசரம் உனக்கு. எனக்கு உலகம் தெரியாது என்று நினைக்கிறாயா? கேள்.

என் மாடியில் குடியிருக்கும் கொரியா இன்ஜினியர் என்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்ய மாட்டார். அவர்கள் ஊரில் பிணத்தை மூன்று நாள் வைத்திருக்கிறார்கள். வருகிறவனுக்கெல்லாம் சுடச்சுட மாட்டுக்கறி சூப். யாரும் வாட்சைப் பார்ப்பதில்லை. ஜப்பானில் எரித்த பிறகு சொந்தக்காரர்கள் சுற்றி நின்று, குச்சியால் எலும்பை ஒவ்வொன்றாக எடுத்துப் பானையில் வைக்கிறார்கள். கால் எலும்பு முதலில், தலை கடைசியில். செத்தவர் பானைக்குள் தலைகீழாக நிற்கக்கூடாதாம். அவ்வளவு மரியாதை! இந்தோனேசியாவில் ஒரு மலையில், செத்தவரை "உடம்பு சரியில்லை" என்று சொல்லி மாதக்கணக்கில் வீட்டிலேயே வைத்துச் சோறு போடுகிறார்கள். தூரத்துச் சொந்தமெல்லாம் வந்து சேரட்டும் என்று. உனக்கு ஒரு சாயங்காலம் முடியவில்லை.

கானாவில் மீன்காரன் செத்தால் மீன் மாதிரியே பெட்டி, டிரைவர் செத்தால் கார் மாதிரி. எனக்குப் புல்லட் மாதிரி செய்யச் சொல்லி உன் அத்தையிடம் இப்போதே சொல்லிவிட்டேன். மலேசியாவில் நான் பத்து வருஷம் இருந்தபோது கண்ணால் பார்த்தேன், சீனாக்காரர்கள் காகிதத்தில் வீடு, கார், ஏசி எல்லாம் செய்து கொளுத்துகிறார்கள். ஏசிக்கு ரிமோட்டும் உண்டு.

எல்லாரையும் விட மடகாஸ்கர்காரன்தான் மனுஷன். சில வருஷத்துக்கு ஒருதரம் கல்லறையைத் திறந்து, பெரியவர்களை வெளியே எடுத்து, பழைய துணிக்கு மேலேயே புதுத் துணி சுற்றி, மேளம் அடித்து ஆடிவிட்டு மறுபடி உள்ளே வைக்கிறான். அங்கே பிறந்திருந்தால் எனக்கு இன்னொரு தரம் கொடுப்பினை உண்டு. இங்கே உன் புண்ணியத்தில் சாம்பல்தான் மிச்சம்.

இந்தச் சேலையை நான் என்ன செய்ய? கடையில் திருப்பப் போனால், "சாவுக்கு எட்த்தத உள்ள கொண்டாராதீங்க சார்" என்று படியிலேயே நிறுத்திவிட்டான். ராஜா வீட்டுச் சேலை என்று சொன்ன அதே ஆள்! உன் அத்தை பாஞ்சாலி, "அத எட்த்துக்கினு வூட்டுக்குள்ள வந்த, உன்னையும் சேத்து வெளிய தள்ளிடுவேன்" என்கிறாள். மோட்டார் ரூமில் உரச் சாக்குக்குள் வைத்திருக்கிறேன். காலையில் மோட்டார் போடப் போனால் அதுதான் கண்ணில் படுகிறது. சாரல் அடிக்கிறது என்று என் ரெயின்கோட்டை அதற்குப் போர்த்திவிட்டு நான் நனைந்துகொண்டு வருகிறேன்.

உன் மாமனார் வரவில்லையா? நல்லது. பிறந்த வீடு இல்லாமல் ஒரு பெண் சபையில் நிற்பது எப்படி இருக்கும் என்று உன் பெண்டாட்டி தெரிந்துகொள்ளட்டும். என் அக்காவை அப்படித்தானே அனுப்பினீர்கள்?

கோபத்தோடு,
மு. காசிராஜன்

—

ஒரகடம்
11.12.2024

மாமாவுக்கு,

அன்புள்ள என்று எழுதி அடித்துவிட்டேன். நீங்கள் மலேசியாவுக்குப் போனதில்லை. ஆந்திர எல்லையில் இருக்கும் தடாவைக்கூடத் தாண்டியதில்லை என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. அது போகட்டும்.

எல்லா நாட்டையும் சுற்றி வந்தீர்கள், அம்மா என்ன கட்டிக்கொண்டு போனாங்க என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அம்மாவைக் குளிப்பாட்டியது ஷாரோன். "கோடி வரலயே" என்று பெண்களெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் பீரோவைத் திறந்தாள். கத்தரிப்பூ நிறச் சேலையை எடுத்து வந்தாள். செக்யூரிட்டி வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் நீங்கள் அம்மாவுக்கு எடுத்துக் கொடுத்தது. "என் தம்பி காஞ்சிபுரம் போயி எட்த்த பட்டு" என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லி, கல்யாணத்துக்கு மட்டும் கட்டுவாங்க. அது நூல் சேலைதான். முந்தானை ஓரத்தில் படப்பைக் கடையின் முத்திரை இன்னும் போகவில்லை. அயர்ன் செய்கிற ஷாரோனுக்குத் தெரியும். அம்மாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

"பழைய சேலைய கட்டி அனுப்புறதா?" என்று ஒருத்தி கேட்டாள். "பொறந்த வூட்டுத் துணிதான கேட்டீங்க? இதான் அது" என்றாள் ஷாரோன். நம்பிராஜனே தலையை ஆட்டிவிட்டுப் பாடையைத் தூக்கக் கை கொடுத்தார்.

இதை அன்றைக்கே உங்களிடம் சொல்ல வந்தேன். அவள்தான் தடுத்தாள். "பாவம், பட்டோட வந்து நிக்கிறாரு. இப்ப போயி பழைய சேலைன்னா ஒடஞ்சி பூடுவாரு" என்றாள். உங்கள் போன கடிதத்தை அவளும் படித்தாள். மடித்து என் கையில் கொடுத்துவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டாள்.

நீங்கள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. யாரும் இல்லையென்றால் தலைப்பா கட்டாமலேயே உட்கார்ந்து காரியத்தை முடிப்பேன்.

நிலவன்

—

மணிமங்கலம்
11.12.2024

அம்மா ஷாரோனுக்குக் காசிராஜன் எழுதுவது.

உன் புருஷனுக்கு எழுதி எனக்குக் கை வலிக்கிறது. அவனுக்கு மலேசியா எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதனால் உனக்கு எழுதுகிறேன். பாபு இங்கேயே நிற்கிறான், "இன்னா நைனா, எழுதாம காய்தத்தையே பாத்துகினு கீற" என்று அவசரப்படுத்துகிறான். எல்லாருக்கும் அவசரம்.

அந்தக் கத்தரிப்பூச் சேலை காஞ்சிபுரம் பட்டுதான். அக்கா அப்படிச் சொன்னாள் என்றால் அப்படித்தான். படப்பை முத்திரை எப்படி வந்தது என்றால், கடைக்காரன் தப்பாகக் குத்தியிருப்பான். அன்றைக்குக் கடையில் அவ்வளவு கூட்டம். நீ அவளிடம் சொல்லாமல் இருந்தது நல்லதாகப் போயிற்று.

அடுத்த விஷயம். உன் ஊர்ப் பெரியவர்களுக்கு முறை தெரியாது. எனக்கு இதுதான் பொறுக்க முடியவில்லை! நிலவன் எனக்கு மருமகன். மருமகன் பெண்டாட்டி எனக்கு என்ன முறை? மகள் முறை. மகளுக்குப் பிறந்த வீடு எது? இதைக்கூட யோசிக்கத் தெரியாமல் 'வெறுங்கை, வெறுங்கை' என்று தெருவில் பேசுகிறார்களாம். நான் இருக்கும்போது! கருமாதிக்கு நான் வருகிறேன். அவன் தலையில் நான்தான் தலைப்பா கட்டுவேன். உனக்குச் சேலை நான்தான் வைப்பேன். எவன் வாயைத் திறக்கிறான் என்று பார்த்துவிடுகிறேன்.

மோட்டார் ரூமில் இருக்கும் அரக்குப் பட்டுக்கும் வழி பிறந்துவிட்டது. காரியம் முடிந்ததும் நாம் மூவரும் சுடுகாட்டுக்குப் போய் அக்காவை எரித்த இடத்தில் விரித்துவிட்டு வருவோம். பழைய துணிக்கு மேலே புதுத் துணி. மடகாஸ்கரில் அப்படித்தான் செய்கிறார்கள், நான் விசாரித்துவிட்டேன்.

அன்றைக்குப் பாஞ்சாலியும் வருகிறாள். எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சமை. பந்தியில் முதல் இலை எனக்கு. ரசம் காரமாக இருக்கட்டும்.

உனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று பாபுவிடம் சொல்லி அனுப்பு. இந்தத் தடவை காஞ்சிபுரம் போகவில்லை. படப்பையிலேயே எடுத்துக்கொண்டு பொழுது விடியும் முன்னே வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
உன் பிறந்த வீடு,
மு. காசிராஜன்