இருபதாவது படகு

சிதம்பரம் விடுதி
14.7.2005

அன்புள்ள அப்பாவுக்கு வாசுகியின் வணக்கம். என் சளி சரியாகிவிட்டது. அம்மாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது?

நேற்று மனக்கணக்கு வகுப்பில் டீச்சர், "பத்தொன்பதை அஞ்சால பெருக்கு" என்றார். இருபதாக வைத்துப் பெருக்கி, பிறகு ஓர் ஐந்தைக் கழிக்க வேண்டும். கண்ணை மூடினேன். தேவனாம்பட்டினம் கரையில் இருபது படகுகள், படகுக்கு ஐந்து பேர் நின்றார்கள். கழிக்க வேண்டிய படகைப் பார்த்தால், சுனாமியில் போன நம் நீலப் படகு. எடுக்க மனம் வரவில்லை. "நூறு" என்றேன்.

"கழிக்கிற அஞ்சத் தின்னுட்டியாடி?" என்றாள் பக்கத்தில் உட்காரும் வினோதினி. நானும் சிரித்துவிட்டேன்.

அம்மா எனக்குத் தலைவாரும் சீப்பைக் கொடுத்தனுப்புங்கள், புதுசு வேண்டாம். மணி அடித்துவிட்டது. புதுப் படகு வந்ததும் எழுதுங்கள். அதுவரை தொண்ணூற்றைந்து என்றே சொல்கிறேன்.

உங்கள் மகள்
வாசுகி