கோண வாய் ஜாடி

அத்தை,

இன்று மதியம் ஊறுகாய் ஜாடியைக் கழுவி வெயிலில் கவிழ்த்தேன். எத்தனை முறை சுடுதண்ணீர் ஊற்றினாலும் அந்த வாசம் போவதில்லை. வெந்தயமும் நல்லெண்ணெயும் மாங்காயும் கலந்து, கொஞ்சம் உங்கள் புடவை போலவும். பக்கத்தில் உட்கார்ந்தவள் அப்படியே கண் அயர்ந்துவிட்டேன். அரைத் தூக்கத்தில், ஒரு காலை இழுத்து இழுத்து நீங்கள் நடந்து வரும் சத்தம் கேட்டது.

விருத்தாசலம் பீங்கான் கம்பெனி வாசலில், கழித்து ஒதுக்கிய சாமான்களில் இதைப் பொறுக்கினீர்களாம். விரல் முட்டியால் தட்டிப் பார்த்து, "வாய் கோணலா இருந்தா என்னா, வவுறு நல்லாத்தான் இருக்குது" என்று கிராமத்துக்குத் தூக்கிப்போன கதையை நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். பிறகு கம்மாபுரம் பக்கத்து நிலமும் வீடும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய், நாம் விருத்தாசலத்துக்குக் குடிவந்தோம். வேனின் முன் சீட்டில், ஜாடியை மடியில் வைத்துக்கொண்டு, அதன் சொந்த ஊருக்கே திரும்பக் கொண்டுவந்தீர்கள். பீரோ வந்ததா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அதில் உங்கள் கை மட்டும்தான் படும். வேறு கை பட்டால் பூஞ்சை பிடித்துவிடும் என்பது நம் வீட்டுச் சட்டம். மருமகள்கள் நாலு பேரும் தட்டை நீட்டிக்கொண்டு நிற்போம். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான். இப்போது சொன்னால் என்ன செய்துவிடப் போகிறீர்கள்?

உங்கள் கடைசி மகன் என்னை விட்டுப் போனபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. காரியம் முடிந்த மறுநாள், என்னை அழைத்துப்போக என் அண்ணன் வந்திருந்தார். பெட்டியைக் கட்டி வைத்திருந்தேன். இந்த வீட்டில் எனக்கு இனி இடம் உண்டா என்று கேட்க வாய் வரவில்லை. உறவெல்லாம் பந்தியில் உட்கார்ந்திருக்க, என்னைப் பார்த்து, "ஊறுகா எடுத்து வையிம்மா" என்றீர்கள்.

உங்கள் நாத்தனார் பதறினார். "தாலி அறுத்த கை அண்ணி, அவ்வளவும் வீணாப் போயிடும்."

நீங்கள் சோற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எம் புள்ளைக்கு மூணு மாசமா கஞ்சி ஊட்டுன கை அது. வீணாப் போனா போவட்டும். நீ வையிம்மா."

முழங்கை வரை எண்ணெய். அழுதுகொண்டே பரிமாறினேன். அண்ணன் தனியாகத்தான் பஸ் ஏறினார்.

உங்களுக்குத் தெரியாதது ஒன்று உண்டு. அந்த வருஷம் ஜாடியில் பூஞ்சை பிடித்தது. விடியற்காலையில், யாரும் எழுவதற்கு முன், நீங்கள் அதை வழித்துப் போட்டுவிட்டு மூடியை இறுக்கிக் கட்டினீர்கள். கதவு இடுக்கில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்; அதுதான் உங்களுக்குத் தெரியாதது. தொண்ணூறு தாண்டி, பல்லெல்லாம் போய், மாங்காயைச் சப்பிக்கொண்டிருந்த காலத்திலும் அதைப் பற்றி நீங்கள் வாயைத் திறக்கவே இல்லை.

கண் விழித்தபோது ஜாடி காய்ந்திருந்தது. உப்பில் பிசறிய மாங்காய்த் தட்டோடு என் மருமகள் தயங்கி நின்றாள். "அத்தே, நான் வூட்டுக்குத் தூரம். ஜாடிய தொடலாமா?"

வேண்டாம் என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்?

"வீணாப் போனா போவட்டும்" என்றேன். "நீ போடும்மா."

பூஞ்சை பிடித்தால், விடியற்காலையில் வழித்துப்போட நான் இருக்கிறேன், அத்தை.