முதல் நாளே எழுதிய ‘இல்லை’

நவம்பர் 17, திங்கள்

விடியற்காலையிலிருந்து மழை. பள்ளிக்கு லீவு விடுவார்கள் என்று பார்த்தேன், விடவில்லை. நெரவி பஸ் நெரிசலில் குடைக்கம்பி ஒன்று முறிந்தது.

நாளை கோர்ட். எடுத்துப்போக: சம்மன், ஆதார், கண்ணாடி, பி.பி. மாத்திரை, செபமாலை. நீலக்கரைப் புடவை இஸ்திரி போட்டாயிற்று.

நாலு வருடத்துக்கு மேல் ஆகிறது அந்தத் தேர்தல் முடிந்து. பூத்துக்கு முதல் தடவையாக நான் தலைமை அலுவலர். மதியம் மூன்று மணிக்குத் த. தன் ஆட்களோடு உள்ளே வந்தார். (த. என்றால் தலைவர். பெயரை இங்கேகூட எழுதக் கை வரவில்லை.) என் போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். நாற்பது நிமிடம் அவர்களே பட்டனை அமுக்கினார்கள். மெஷினை மூடி ஓட்டை நிறுத்தும் பட்டன் என் முன்னால்தான் இருந்தது. நான் அமுக்கவில்லை.

வரிசையில் நின்ற பெண்களிடம், “ஒங்க ஓட்டெல்லாம் போட்டாச்சு, வூட்டுக்குப் போங்க” என்றார்கள். எல்லோரும் போனார்கள். பாக்கியம் மட்டும் போகவில்லை. வயல் வேலைக்குப் போகிறவள். “எம்மோட ஓட்ட நாந்தாங்க போடணும்” என்று கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையோடு சேர்த்துக் கதவை அறைந்தார்கள். வலது கையில் இரண்டு விரல் நசுங்கிப்போயிற்று.

இரண்டு நாள் கழித்து, கட்டுப் போட்ட கையோடு என்னைத் தேடி வந்தாள். பிறகுதான் நான் போலீசில் வாக்குமூலம் கொடுத்தேன். அவள் சாட்சி ஒன்று. நான் சாட்சி இரண்டு.

வீட்டுக்காரர் சாப்பிடும்போது ஆரம்பித்தார். “ஆந்திராப் பக்கம் ஏனாமுக்குத் தூக்கிப் போட்டா என்ன பண்ணுவ? தெலுங்கு தெரியுமா ஒனக்கு?”

“கத்துக்கறேங்க.”

அவர் பயம் நியாயமான பயம்தான்.

நவம்பர் 18, செவ்வாய்

மழை விட்டது. எனக்கு முன்னாலேயே பாக்கியம் வந்து கோர்ட் வாசலில் நின்றாள். விழிதியூர்ப் பக்கம் களையெடுப்பாம், விட்டுவிட்டு வந்திருக்கிறாள். பையில் எனக்கு நாலு கொய்யாப்பழம்.

அரசு வக்கீல் கேட்டார், சொன்னேன். மூன்று மணி, கதவு, பட்டன், விரல். எல்லாம். த. ஒரு தடவை என்னைப் பார்த்துச் சிரித்தார், கல்யாண வீட்டில் தெரிந்தவரைப் பார்த்துச் சிரிப்பதுபோல.

வெளியே வந்ததும் பா., “பாடம் நடத்துற மாரியே சொன்னீங்க டீச்சர்.” அரசு வக்கீல், “இப்படி ஒரு சாட்சி போதும்மா, ஆளு உள்ள போயிடுவான்.” சந்தோஷமாக இருந்தது. எவ்வளவு நாளாயிற்று இப்படி இருந்து.

நாளை குறுக்கு விசாரணை.

ஒன்று பாக்கி. யாரிடமும் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடமும்.

பூத்துக்குக் கட்டுக்கட்டாகப் படிவம். நிரப்ப முடிந்ததை முதல் நாள் சாயங்காலமே நிரப்பிவைத்துவிடு என்று சீனியர்கள்தான் சொல்லிக்கொடுத்தது. எல்லோரும் செய்வதுதான். அதில் தலைமை அலுவலரின் நாட்குறிப்பு என்று ஒன்று. அதிலே ஒரு கேள்வி: மிரட்டல், இடையூறு, சாவடியைக் கைப்பற்றுதல் ஏதும் நடந்ததா? கொசுவர்த்தியை ஏற்றிவைத்துக்கொண்டு, முத்து முத்தாக எழுதினேன்: இல்லை.

மறுநாள் எல்லாம் நடந்து முடிந்து, அந்தத் தாளை அப்படியே உறையில் போட்டுக் கொடுத்தேன். அவசரத்தில் மறந்துவிட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறக்கவில்லை. பயம். இந்த ஸ்டெல்லா டீச்சர் நோட்டில் அடித்தல் திருத்தல் கிடையாது என்று பிள்ளைகளிடம் பெருமை வேறு.

நவம்பர் 19, புதன்

ஒன்பதரைக்கே போய் அரசு வக்கீலிடம் சொல்லிவிட்டேன். நின்றிருந்தவர் உட்கார்ந்துவிட்டார்.

“இத முன்னாடியே சொல்லக்கூடாதாம்மா?” ஃபைலைப் புரட்டிவிட்டு, “சரி. கேட்டா, ஓட்டு முடிஞ்சப்புறம் எழுதினேன், அவங்க மெரட்டினதால ‘இல்லை’ன்னு எழுதினேன்னு சொல்லுங்க. அது நமக்குப் பலம். முதல் நாளே எழுதினேன்னு சொன்னா எல்லாம் போச்சு.”

சரி என்றேன். பைபிள் மேல் இல்லை, செபமாலை மேல் இல்லை, பாக்கியத்தின் விரல் மேல் ஆணையாக அந்தப் பொய்யைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் கூண்டில் ஏறினேன்.

எதிர் வக்கீல் மெதுவான குரல். “கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு டீச்சரம்மா. ஒங்களோடதுங்களா?”

“ஆமாங்க.”

கேள்வியையும் பதிலையும் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

“எப்ப எழுதினீங்க?”

அரசு வக்கீலைப் பார்த்தேன். அவர் ஃபைலைப் பார்த்தார். கடைசி பெஞ்சில் பா., மடியில் கையை வைத்துக்கொண்டு.

“முதல் நாள் சாயங்காலம்” என்றேன்.

“நடக்கறதுக்கு முன்னாடியே நடக்கலைன்னு எழுதிட்டீங்க. இன்னும் எதையெல்லாம் இப்படி எழுதினீங்க?”

சிரித்தார்கள். த.வும் சிரித்தார். இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தார்.

நவம்பர் 20, வியாழன்

வெயில். தலைவலி. மூன்றாம் வகுப்புக்குப் பெருக்கல். ஆறேழு நாற்பத்திரண்டு என்பதற்குப் பதில் வேறு ஏதோ எழுதினேன் போர்டில், பிள்ளைகள்தான் திருத்தினார்கள்.

ஏன் சொன்னேன்? கடவுள் பயம் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அதுவும் இல்லை. ஒரு பொய் சொன்னால் அடுத்த கேள்வியில் பிடித்துவிடுவார் என்று தோன்றியதா? தெரியவில்லை. எப்போது எழுதினாய் என்று கேட்டார், எழுதிய நேரம் வாயில் வந்துவிட்டது.

பஸ்ஸில் பின் சீட்டில் இரண்டு பேர், நான் இருப்பது தெரிந்தேதான்:

“சாட்சி சொல்லப் போயி, அவருக்கே சாதவமா சொல்லிட்டு வந்திருக்கு.”

“பேரம் படிஞ்சிருக்கும்டா.”

வீட்டில் அவர் டீ போட்டு வைத்திருந்தார். இந்த மனுஷன் திட்டியிருந்தால் தேவலை.

டிசம்பர் 9, செவ்வாய்

தீர்ப்பு. தூறல். “சந்தேகத்தின் பலனை எதிரிகளுக்கு அளித்து.” ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வெளியே மாலை, சரவெடி. நமத்துப்போய்ப் பாதி வெடிக்கவில்லை. மறுபடி மறுபடி கொளுத்தினார்கள்.

“என்னா டீச்சர் சொன்னாங்க?”

“விட்டுட்டாங்க பாக்கியம்.”

“சந்தேவம்னாங்களே, யாரு மேல?”

“என் மேல.”

தலையை ஆட்டினாள். கையை முந்தானைக்குள் விட்டுக்கொண்டு போய்விட்டாள். பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போயிருக்கலாம். போகவில்லை. அவளைப் பார்க்க முகம் இல்லை எனக்கு.

டிசம்பர் 11, வியாழன்

மெமோ வந்துவிட்டது. தேர்தல் ஆவணத்தில் முன்கூட்டியே பொய்ப் பதிவு செய்தது ஏன், மூன்று நாளில் எழுத்து மூலம் விளக்கம் தரவும். இந்த வழக்கு முழுக்க விளக்கம் கேட்கப்பட்ட ஒரே ஆள் நான். சிரிப்பு வந்தது, பிறகு பாத்ரூமில் போய் அழுதேன்.

பள்ளி விடும்போது கேட்டருகே பா. நின்றாள். வயல் சேறு காலில் காயவில்லை. இப்போதெல்லாம் இடது கையால்தான் களை பிடுங்குகிறாள், வரிசையில் கடைசி ஆளாகக் கரை ஏறுகிறாளாம்.

“ஒங்களத் தப்பு சொல்ல வரல டீச்சர். நெசத்தத்தான் சொன்னீங்க.”

குடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டேன்.

“அவங்க அத்தன பேரும் கூண்டுல ஏறி ஏறிப் பொய் சொன்னாங்க. எனக்காவ நீங்க ஒண்ணே ஒண்ணு சொல்லியிருக்கக் கூடாதா?”

மழை பிடித்துக்கொண்டது. குடையை நீட்டினேன். வேண்டாம் என்று நனைந்துகொண்டே போனாள்.

வீடு. விளக்கம் எழுத உட்கார்ந்தேன். நாளைதானே கொடுக்கப்போகிறோம் என்று தாளின் மேலே, முத்து முத்தாக, 12 டிசம்பர் என்று போட்டிருக்கிறேன்.

அடித்தேன். பக்கத்தில் 11 என்று எழுதினேன். அதற்குக் கீழே இன்னும் ஒன்றும் எழுதவில்லை.