லாமெக் பெயரில் மாத்திரை

மார்ச் 28, 2017, செவ்வாய்

மழை. சவாரி இரண்டே. சைக்கிளின் பின் இருக்கை மெத்தை ஊறிவிட்டது. ஏறுகிறவர்கள் என்னைத்தான் திட்டுகிறார்கள்.

ஸ்டாண்டில் கோஸ்டினோ பெருமை அடித்துக்கொண்டிருந்தான். இந்த வருடத்தில் மட்டும் நான்கு பெண்களுக்குப் புருஷனாக இருந்திருக்கிறானாம். எல்லாம் ஆஸ்பத்திரி வரைக்கும்தான். கர்ப்பிணி முதல் தடவை புருஷனோடு வந்தால் முதலில் கூப்பிடுவார்கள். தனியாக வந்தால் வரிசையின் கடைசி, இல்லாவிட்டால் ஊர்த் தலைவரிடம் கடிதம் வாங்கி வா என்று அனுப்பிவிடுவார்கள். புருஷன்மார் வருவதில்லை. பொம்பளைகள் உட்காரும் இடத்தில் நமக்கென்ன வேலை என்பார்கள். அதனால் எங்களில் ஒருவனைச் சைக்கிளோடு சேர்த்துக் கூப்பிடுகிறார்கள்.

"எச்.ஐ.வி. இருக்கான்னு ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுப்பாங்களே, உனக்குப் பயமா இல்லையா?" என்று ஒருவன் கேட்டான்.

"நாலு தடவையும் ஒத்தக் கோடுதான்டா, ரெண்டு வந்தாத்தான் வியாதி. எங்க ஆத்தா கும்பிட்ட சாமி." என்னைப் பார்த்தான். "வைசன், நீ எத்தனை தடவை?"

"எனக்கு எதுக்கு? தடாலா வயித்துல இருந்தப்போ எனிஃபாவுக்கு எடுத்தாங்க. அவளுக்கு இல்லேன்னா எனக்கும் இல்ல."

எல்லாரும் தலையாட்டினார்கள். இங்கே யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். எங்கள் பிள்ளை தடாலாவுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது.

சபைக் கூட்டக் குறிப்பு இன்னும் எழுதவில்லை. அதற்கு வாங்கிய நோட்டில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நல்ல செயலாளர்.

ஏப்ரல் 4, செவ்வாய்

பாலத்துக்கு அந்தப்பக்கத்து ட்ரிசா வந்து கேட்டாள். மூன்று மாதம். புருஷன் லாமெக் மட்டெம்பா பிப்ரவரியில் தென்னாப்பிரிக்கா போய்விட்டான். தலைவர் கடிதத்துக்கு ஒரு கோழி கேட்கிறாராம்.

"கோழி முட்டை போடுதுண்ணே. உங்களுக்கு ஒரு டப்பா பயறு தர்றேன். சும்மா பக்கத்துல உக்காந்தா போதும்."

சரி என்றேன். எனிஃபாவிடம் வியாழக்கிழமை தூரச் சவாரி என்று மட்டும் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். ஏன் சொல்லவில்லை?

ஏப்ரல் 6, வியாழன்

நர்ஸ் நகாமா கையுறை மாட்டினார். விரலில் ஒரு குத்து. எறும்பு கடித்த அளவுதான். ட்ரிசாவுக்கு ஒரு கோடு. எனக்கு இரண்டு. வேறு அட்டையில் மறுபடி பார்த்தார். இரண்டு.

"திரு. மட்டெம்பா" என்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ட்ரிசா முழங்கையால் இடித்தாள்.

அரை மணி நேரம் பேசினார். இது இப்போதெல்லாம் சாகிற நோய் இல்லை, மாத்திரை விடக்கூடாது, வீட்டில் ஆணுறை பயன்படுத்த வேண்டும், மனைவியைக் காப்பாற்ற வேண்டும். மனைவி என்று சொல்லும்போதெல்லாம் ட்ரிசாவின் வயிற்றைக் காட்டினார். அவள் குனிந்தே இருந்தாள். மாத்திரைப் புட்டியின் மேல் லாமெக் மட்டெம்பா என்று நீல மையில் எழுதிக் கொடுத்தார்.

பாலத்தில் ட்ரிசா இறங்கிக்கொண்டாள். "பயறு நாளைக்குக் கொண்டாரேண்ணே."

"வேண்டாம்மா."

ஏப்ரல் 7

ஆறு சவாரி.

ஏப்ரல் 12, புதன்

ட்ரிசா ஸ்டாண்டுக்கு வந்து ஓரமாகக் கூப்பிட்டாள்.

"அண்ணே, மாசாமாசம் போயிருங்க. போகலேன்னா தேடிக்கிட்டு எங்க வீட்டுக்குத்தான் ஆள் வரும். மாமியா கதவத் தொறப்பா. உங்க பையனுக்கு வியாதியாம்னு சொன்னா என் கதி என்ன?"

போகிறேன் என்றேன். புட்டி சைக்கிள் சாமான் டப்பாவில் இருக்கிறது, பஞ்சர் ரப்பருக்கு அடியில். தினமும் ஒன்று விழுங்குகிறேன். லாமெக் எங்கோ கட்டட வேலை செய்கிறான். இங்கே அவனுக்காக நான் மருந்து சாப்பிடுகிறேன்.

என் பெயரில் பதியலாம். அதற்கு நர்ஸிடம் பொய்யை ஒத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு ஆஸ்பத்திரி முப்பது கிலோமீட்டர். இதெல்லாம் சாக்கு. என் பெயரில் பதிந்தால் உன் மனைவியைக் கூட்டி வா என்பார்கள். அதுதான்.

ஏப்ரல் 22, சனி

நேற்று எனிஃபா பக்கத்தில் வந்து படுத்தாள். இரண்டு வாரமாக முதுகு வலி என்று சொல்லியிருந்தேன். நர்ஸ் கொடுத்த உறை டப்பாவில் இருந்தது. எழுந்து போய் எடுத்தால் ஏன் என்று கேட்பாள். எழுந்திருக்கவில்லை.

சொல்லியிருக்கணும். சொல்லல.

மே 4, வியாழன்

இரண்டாவது புட்டி. பெஞ்சில் நாற்பது பெண்கள், ஆண்கள் இரண்டு பேர். இன்னொருவர் தபால் அலுவலகத்தில் வேலை செய்கிறவர், ஊரில் எதிர்ப்பட்டால் சைக்கிளை நிறுத்திப் பேசுவார். இன்று சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும்.

ஜூன் 1

மூன்றாவது. சோளம் அறுப்பு முடிந்தது. பதினோரு மூட்டை. மறுபடி முதுகு வலி என்று சொல்லிவிட்டு எனிஃபாவின் பாயிலிருந்து தள்ளிப் படுக்கிறேன். ஏப்ரலில் ஒரு நாள் அவள் பாயில் தவறினேன். ஒரு நாள் என்ன, ஒன்பது நாள் என்ன.

ஜூலை 10, திங்கள்

எனிஃபாவின் மாமா செஃபானியா கூப்பிட்டு அனுப்பினார். எங்கள் கல்யாணத்துக்கு ஜவாப்தாரி அவர்தான். ட்ரிசாவை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதை யாரோ பார்த்திருக்கிறார்கள். மாதாமாதம் வியாழக்கிழமை அந்தப் பக்கமே போகிறேன் என்பதும் தெரிந்திருக்கிறது. அவள் வயிறும் இப்போது நன்றாகத் தெரிகிறது.

"வீட்டோட வந்த மாப்பிள்ளை. எங்க நிலத்துல வெதைக்கிறே, எங்க சோளத்தைத் திங்கிறே. பாலத்துக்கு அந்தப்பக்கம் வேற ஒரு வீடா?"

எனிஃபா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "தடாலா அப்பா, ஒரே வார்த்தை சொல்லுங்க. அந்தப் பிள்ளை உங்களுதா?"

ஆமாம் என்றேன்.

எப்படிச் சொன்னேன் என்று இப்போது யோசிக்கிறேன். இன்னொருத்தி என்றால் அபராதம் கட்டலாம், மன்னிப்பார்கள். மற்றதற்கு என்ன கட்டுவது? அந்த நிமிஷம் ட்ரிசா ஞாபகமே வரவில்லை. வெட்கமாகக்கூட இல்லை. ஒன்றுமே இல்லை.

ஜூலை 16, ஞாயிறு

சபை முடிந்து வந்து நிஸிமா களியில் கை வைத்திருந்தோம். ட்ரிசா முற்றத்தில் வந்து நின்றாள். மாமியார் சாமானையெல்லாம் வெளியே போட்டுவிட்டாளாம். லாமெக்குக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாளாம்.

"எனிஃபாக்கா, உங்க புருஷன் என்னைத் தொட்டதில்ல. வரிசைக்காக எம் புருஷன் பேருல வந்து உக்காந்தாரு. ரெண்டு பேருக்கும் ரத்தம் எடுத்தாங்க. என்னுது சுத்தம். மிச்சத்தை அவரையே கேளுங்க. நான் வாய மூடிக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கு அவரு பண்ணினது இது."

களி ஆறிப்போனது. எனிஃபா, "எப்போ?" என்றாள்.

"ஏப்ரல்ல."

"ஏப்ரல்ல எப்போ? நீதான் எழுதிக்கிட்டே இருப்பியே. அந்த நோட்டைக் கொண்டா."

பதினோரு வருடத்தில் முதல் முறையாக 'நீ' என்றாள். கொடுத்தேன். உரல் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படித்தாள். இருபத்திரண்டாம் தேதியில் விரல் நின்றது. திரும்பவும் மேலே போனாள். ஆறாம் தேதி. மறுபடி இருபத்திரண்டு.

"தெரிஞ்சுமா?"

நோட்டை மூடினாள். பிறகு ட்ரிசாவைக் கைபிடித்து மாமா வீட்டுக்குக் கூட்டிப்போனாள், அவளுக்காகப் பேச. என்னை வரச் சொல்லவில்லை.

ஜூலை 20, வியாழன்

எனிஃபாவைப் பின்னால் உட்காரவைத்து ஒன்பது கிலோமீட்டர். கம்பியைப் பிடித்துக்கொண்டாள். என்னைப் பிடிக்கவில்லை.

"லாமெக், இது யாரு?" என்றார் நர்ஸ் நகாமா.

"நான் லாமெக் இல்ல, சிஸ்டர். வைசன் கச்சிங்வே. இவ என் சம்சாரம்."

பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். "இன்னும் எத்தனை லாமெக்குக்கு மாத்திரை குடுத்துக்கிட்டிருக்கேனோ. சொந்தப் பேருல ஒருத்தன் வரமாட்டேங்கிறானே" என்று பெருமூச்சு விட்டார். லாமெக்கின் அட்டையைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். ட்ரிசாவின் மாமியாரிடம் தானே வந்து பேசுவதாகச் சொன்னார்.

எனிஃபாவுக்கு இரண்டு கோடு. அடுத்த அட்டையிலும் இரண்டு.

நான்தான் கேட்டேன். "சிஸ்டர், இது ஏப்ரலுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடியும் இருக்கலாம், பின்னாடியும் இருக்கலாம். ரத்தத்துல தேதி தெரியாதுப்பா."

எனிஃபா அழவில்லை. தடாலாவையும் கூட்டி வர வேண்டுமா என்று மட்டும் கேட்டாள். வேண்டும் என்றார்.

ஜூலை 22, சனி

தடாலாவுக்கு ஒரு கோடு.

மாமா என்னைப் போகச் சொன்னார். சைக்கிள், போர்வை, நோட்டு. அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்கா என் தட்டைத் தனியாக வைத்தாள். அதனால் தொத்தாது என்று சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் 3

கோஸ்டினோவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சிரிக்கவில்லை. "எனக்கு நாலு தடவையும் ஒண்ணுதான், ஆனா எம் பொண்டாட்டி மேரிக்கு எடுத்ததே இல்லடா" என்றான். பிறகு சவாரிக்குப் போய்விட்டான்.

ஆகஸ்ட் 17, வியாழன்

மாத்திரை நாள். கடைசி பெஞ்சில் இடம் கிடைத்தது. எனிஃபா நடந்தே வந்தாள், ஒன்பது கிலோமீட்டர். என் சைக்கிள் வாசலிலேயே நிற்பதைப் பார்த்திருப்பாள். என் பக்கம் திரும்பவில்லை. மெலிந்திருக்கிறாள்.

புதிதாக வந்திருக்கிற எழுத்தர் பெண் பதிவேட்டைத் திறந்து எல்லாருக்கும் கேட்கும்படி விவரம் கேட்டாள். பெயர், ஊர், பிள்ளைகள். எனிஃபாவின் முறை வந்தது.

"புருஷன் பேரு?"

முன்னால் போன பெண்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். இல்லை. செத்துட்டாரு. ஓடிப்போயிட்டாரு. எனிஃபா எதைச் சொன்னாலும் நியாயம்தான் என்று தரையைப் பார்த்தேன்.

"வைசன் கச்சிங்வே."

"எங்க இருக்காரு?"

"இங்கதான். அந்தக் கடைசி பெஞ்சுல."

எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்றேன்.