கஜுவும் கிளிமஞ்சாரோவும்

ஒக்டோபர் 12, ஞாயிறு

சந்தோஷத்தில் நித்திரை வரவில்லை. கடைக்குக் கஜு, முந்திரிப்பருப்பு, வாங்கத் தான்சானியா போவதாகத்தான் மனைவியிடம் சொல்லியிருந்தேன். இன்று கார் டிக்கியில் புதுச் சப்பாத்தைக் கண்டுவிட்டாள்.

“கஜு வாங்கிற ஆளுக்குப் பனியில நடக்கிற சப்பாத்து ஏனப்பா?”

அங்குள்ள கிளிமஞ்சாரோ மலையில் ஏறப்போவதை ஒப்புக்கொண்டேன்.

“அது எரிமலையெல்லோ?”

“மூண்டு எரிமலை சேர்ந்த மலை. ரெண்டு செத்துப்போச்சு. நான் ஏறுறது நித்திரை கொள்ளுது.”

கடைக்காரன் நானே சரக்கின் குறையைச் சொல்லிவிட்டேன். பயணம் போச்சு என்றே நினைத்தேன்.

அவள் சப்பாத்தைத் தூக்கிப் பாரம் பார்த்தாள்.

“எனக்கும் ஒரு சோடி எடுங்கோ. உங்களைத் தனிய விட்டா அதையும் எழுப்பிப்போடுவியள்.”

அப்டன் பார்க்கில் இருக்கும் எங்கள் கடையை முதல்முறையாக இரண்டு கிழமை பூட்டப்போகிறேன். பூட்டினால் என்ன? காலையில் முதல் வேலை அவளுடைய கால் அளவைக் கேட்பது. இத்தனை வருடமாகியும் அது எனக்குத் தெரியாது.