முப்பத்திரண்டு பறவைகளின் கழுத்துக் கோடு

கல்முனை,
1955 மார்ச் 9, புதன்கிழமை.

அன்பு மகன் பளீலுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே எல்லோரும் சுகமாக இருக்கிறோம், லண்டன் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று ஐந்து வேளையும் கேட்டபடி இருக்கிறோம். உம்மாவின் முழங்கால் நோவு குறைந்துவிட்டது. 'புள்ள அங்க சோறு தின்றானா, இல்லாட்டி பாணோட காலம் தள்ளுறானா' என்று இந்த வரியை எழுதும்போதும் பக்கத்தில் நின்று கேட்கிறாள், மறக்காமல் பதில் எழுது. உன் ராத்தா நாச்சியாவின் சின்ன மகள், எங்கள் பேத்தி, நடக்கத் தொடங்கிவிட்டாள், போன கிழமை அச்சுக்கூடத்துக்குள் புகுந்து மையில் கையைத் தோய்த்துச் சுவரில் ஐந்து விரலையும் பதித்துவிட்டாள், உம்மா அதைக் கழுவ விடவில்லை. வேளாண்மை வெட்டு முடிகிறது. இங்கினியாகலை அணைத் தண்ணீர் வரத் தொடங்கிய பிறகு வயல்வெளியில் முன்னர் காணாத இடங்களிலும் பறவைகள் இறங்குகின்றன. சுபஹ் தொழுதுவிட்டு அந்தப் பக்கம் நடந்தால் பனிக்குள் ஒன்றும் தெரிவதில்லை, திடீரென்று பனியில் ஒரு துண்டு பிரிந்து எழும்பிப் பறக்கிறது, அது கொக்கு என்று பிறகுதான் தெரிகிறது. இந்த நாட்களில் நான் பாதி அந்த வெளியிலும் பாதி இந்தச் சாய்வுக் கதிரையிலுமாக இருக்கிறேன்.

உன் கடிதமும் நீ எழுதிய முன்னுரையும் வந்து பன்னிரண்டு நாளாகிறது. உன் மூத்தவாப்பாவின், அதாவது என் வாப்பாவின், பறவைப் புத்தகத்தை நீ வேலை பழகும் கம்பனி மறுபடி அச்சிட முன்வந்ததையும், நம் அச்சுக்கூடத்தின் வரலாற்றை அதன் முகப்பில் எழுதும் பொறுப்பு உனக்குக் கிடைத்ததையும் வாசித்துக் கண் கலங்கினேன். நீ ஆண்டுகளை மட்டும் சரிபார்க்கச் சொன்னாய், சரிபார்த்தேன். மூத்தவாப்பா உதுமாலெவ்வை முதல் இரண்டு அச்சுக் கற்களையும் நாகப்பட்டினத்திலிருந்து தோணியில் கொண்டுவந்தது 1889 அல்ல, 1891. கொப்பறா ஏற்றிப்போன தோணி கல்லோடு திரும்பியதைக் கண்டு, 'என்ன முதலாளி, திண்ணை கட்டவா கல்லுக் கொண்டு வாறீங்க' என்று கடற்கரையில் சிரித்தார்களாம். முதலில் அறபுத் தமிழ்க் கிதாபுகளைத்தான் அச்சிட்டார். பாய்க் கோலப் புத்தகம் 1898, அதுவே நம்முடைய முதல் படப் புத்தகம், பாய் இழைக்கும் பெண்கள் தாள் தாளாகக் கேட்டு வாங்கிப் போனதால் முழுப் பிரதி நம் வீட்டிலும் இல்லை. தோணிகள் புத்தகம் 1905. பறவைகள் 1912, அதை நீ சரியாகவே எழுதியிருக்கிறாய்.

அந்தப் பறவைகளை அச்சுக் கல்லில் எழுதிய பாண்டிருப்புப் புண்ணியமூர்த்தியைப் பற்றி இன்னும் நான்கு வரி சேர்த்துக்கொள். கோயில் திரைகளுக்குப் படம் எழுதிக்கொண்டிருந்தவரை மூத்தவாப்பா போய் அழைத்து வந்தார். கூழைக்கடா ஒன்றுக்காக மூன்று நாள் இடுப்பளவு தண்ணீரில் நின்றவர் அவர். ஈரக் கல்லின் மேல் மை உருளை போய் வரும்போது முதலில் ஒன்றுமிராது, பிறகு ஒரு கால், பிறகு ஓர் அலகு, யாரோ கூப்பிட்டதுபோலப் பறவை நடந்து வந்து நிற்கும். இப்போதும் பகலில் ளுஹர் தொழுகைக்குப் பிறகு கண்ணயர்ந்தால் எனக்கு அதுவே தெரிகிறது. ஆனால் கனவில் வரும் பறவைகளின் கழுத்தில் கோடு இருப்பதில்லை. இதை எழுதத்தான் இத்தனை நாள் எடுத்தது.

நாலாம் பக்கத்தில் நீ எழுதியிருக்கிறாய், உயிருள்ளவற்றின் உருவத்தை அச்சிடலாமா என்று ஐயப்பட்ட உதுமாலெவ்வை மார்க்கம் படித்த பெரிய ஆலிமிடம் கேட்பித்து, அவருடைய தீர்ப்பின்படி ஒவ்வொரு பறவையின் கழுத்துக்கும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு இட்டார், கழுத்து அறுபட்டால் அது உயிருருவம் ஆகாது என்பது அதன் கருத்து என்று. அந்தக் கோடு கல் வெடித்ததுபோல் இருக்கிறது, எடுத்தால்தான் அச்சிடுவோம் என்று கம்பனி சொல்வதாகவும், அது ஆலிமின் தீர்ப்பு, மூத்தவாப்பாவின் ஈமான், புத்தகமே வராமல் போனாலும் தொட விடமாட்டேன் என்று மார்ச் கடைசியில் பதில் சொல்லப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். மகன், அப்படி ஒரு தீர்ப்பு இல்லை.

கேட்டு வரும்படி மூத்தவாப்பா அனுப்பியது என்னை. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது, கலியாணம் முடித்தவன், நாலு பேர் மதிக்கும் அளவு படித்தவன். ஆலிமின் வீட்டு வாசல்வரை போனேன். கேட்க வேண்டியதைத் தாளில் ஒழுங்காக எழுதியும் வைத்திருந்தேன். உள்ளே போகக் கால் வரவில்லை. ஏசுவாரோ என்று பயம், வேண்டாமென்று சொல்லிவிட்டால் அந்தப் பறவைகள் என்ன ஆகும் என்பது அதைவிடப் பெரிய பயம். கதவு சாத்தியிருந்தது, நான் தட்டவில்லை. கழுத்தில் கோடு போட்டால் குற்றமில்லை என்று எப்போதோ யாரோ கதைத்தது காதில் விழுந்திருந்தது, வீட்டுக்கு வந்து அதையே ஆலிம் சொன்னதாகச் சொல்லிவிட்டேன். மூத்தவாப்பா அல்ஹம்துலில்லாஹ் என்றார். கல்லில் ஊசியால் முப்பத்திரண்டு கழுத்தையும் சுரண்டியதும் நான்தான், எல்லாம் ஒரே அகலத்தில், நெத்தலி முள்ளின் பருமனில். அவர் மௌத்தாகிக் கண் மூடும்வரை வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கோட்டைக் காட்டி நிம்மதிப்பட்டார். உண்மையைச் சொல்லியிருந்தால் நன்மையா தீமையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

முதலில் யாரிடம் சொல்வது என்று யோசித்து, போன வியாழன் பாண்டிருப்புக்குப் போனேன். புண்ணியமூர்த்திக்கு எழுபத்தைந்து வயது, கண் பரவாயில்லை, கைதான் நடுங்குகிறது. நான் சொல்லி முடிக்கும்வரை பாக்குவெட்டியால் பாக்கைச் சீவிக்கொண்டே இருந்தார். பிறகு, 'அது எனக்கு அண்டைக்கே தெரியும் தம்பி. ஆலிம் அந்தக் கிழமை முழுக்கப் பொத்துவில்ல கலியாண வீட்டிலயெல்லுவா நிண்டவர்' என்றார். அப்படியானால் ஏன் பேசாமல் இருந்தீர்கள் என்று கேட்டேன். 'நான் வாயத் திறந்திருந்தா முதலாளி திரும்பவும் ஆளனுப்பியிருப்பாரு. ஆலிம் வேணாமெண்டா மறுகா முதலாளி எல்லாத்தையும் அழிக்கச் சொல்லியிருப்பாரு. கழுத்து மட்டும் போகட்டும், மிச்சம் தப்புமெண்டு இருந்திட்டன்' என்றார். கோடுகளை நான் சுரண்டியபோது அவர் வெளியே போய் வேலியோரம் நின்றது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நான் அவரிடம் பொறுத்துக்கொள்ளும்படி கேட்டேன். 'அதை விடுங்க, வெள்ளக்காரன் அந்தக் கழுத்துகள எப்பிடிக் கீறப்போறான்? அவன் கூழைக்கடாவக் கண்டவனா?' என்று கேட்டார். உண்மைதான், என் கோட்டின் அடியில் இறகு எதுவுமில்லை, நான் சுரண்டிவிட்டேன். அந்தக் கழுத்துகளைத் தானே வரைந்து தருவதாகச் சொன்னார். கை நடுங்குதே என்றேன். 'நடுங்கட்டும், இறகுதானே' என்றார்.

திரும்பி வந்த கையோடு, கால் தயங்குவதற்குள், இப்போதுள்ள ஆலிமிடமும் போனேன். என்னைவிட முப்பது வயது இளையவர். இதில் உலமாக்களின் கருத்து இரண்டு பக்கமும் உண்டு, பிள்ளைகள் பார்த்துப் படிக்கிற புத்தகமென்றால் தான் தடுக்கமாட்டேன், ஆனால் ஓர் ஆலிம் சொல்லாததை அவர் பேரில் சொன்னதற்குத் தௌபா செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டு, யாரிடமெல்லாம் முடியுமோ அவர்களிடம் திருத்தவும் வேண்டும் என்றார். எழும்பும்போது, 'இதக் கேக்கவா நாற்பத்திமூணு வருஷம் வாசல்ல நிண்டீங்க' என்று சிரித்தார். தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

ஆகவே மகன், எனக்காகவோ மூத்தவாப்பாவுக்காகவோ அந்தப் புத்தகத்தை இழந்துவிடாதே. கோட்டை எடுக்கச் சொல். புண்ணியமூர்த்தி காலை வெளிச்சத்தில் தாளில் நாளுக்கு மூன்று கழுத்து வரைகிறார், ஒன்பது முடிந்தது, மீதி இருபத்து மூன்றுக்கும் எட்டு நாள். பத்தொன்பதாந் தேதி நானே தபால் கந்தோரில் பதிவுத் தபாலாகப் போடுவேன், விமானத்தில் ஏழு நாள் என்றாலும் உன் தவணைக்கு முன் வந்து சேரும். இதுவரை எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன், அவள் என் பக்கத்தில் வந்து இருந்தாள். ஊரில் கதைப்பார்கள், கதைக்கட்டும்.

கழுத்தைச் சுற்றி ஒரு துணியைக் கட்டிக்கொண்டு வெளியே போ, உனக்குச் சின்ன வயதிலிருந்தே நெஞ்சுச் சளி. வெள்ளிக்கிழமைத் தொழுகையை விட்டுவிடாதே. அல்லாஹ் உன் கல்வியிலும் உணவிலும் பரக்கத் செய்வானாக, நல்ல மனிதர்களை உனக்குத் துணையாக்குவானாக, எங்கள் கண் மூடுமுன் உன்னைக் காட்டித் தருவானாக. நாலாம் பக்கத்து வரியை அடித்துவிட்டு இதைப் போடு: முதற் பதிப்பில் இருந்த கழுத்துக் கோடுகள் எந்த ஆலிமின் தீர்ப்பும் அல்ல, கேட்கப் பயந்த ஒருவன் தானாகச் சொல்லித் தன் கையால் கீறியவை. அதன் கீழ் என் பெயரைச் சுருக்காமல் நான் இங்கே எழுதியிருப்பதுபோல முழுவதுமாகப் போடு.

உன் வாப்பா,
உதுமாலெவ்வை அபூசாலி.